தன் பாட்டுக்குத் தானே உரை எழுதிய ஆயிஷா

1513ஆம் ஆண்டு டமாஸ்கஸிலிருந்து கெய்ரோவுக்குப் புறப்பட்ட பயணக் கூட்டமொன்றில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணும் அவருடைய மகனும் இருந்தார்கள். மகனுக்கு அரசாங்கத்தில் ஒரு வேலை தேடித் தரவேண்டும் என்பது அந்தத் தாயின் எண்ணம். சினாய்ப் பாலைவனத்தைக் கடந்து, கெய்ரோ கிட்டத்தட்ட வந்துவிட்ட நிலையில், பில்பைஸ் என்ற ஊருக்கு அருகே வழிப்பறிக்காரர்கள் மறித்தார்கள். இருந்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள். போனவற்றில் அந்தப் பெண் கையோடு எடுத்து வந்திருந்த அவருடைய எழுத்துகளும் அடக்கம்.

அச்சு இயந்திரம் அந்த ஊர்களை எட்டாத காலம் அது. ஒரு நூல் என்றால் ஒரு கைப்பிரதி, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு மூன்று. உ.வே.சா. சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த கதையைப் படித்து வளர்ந்த நமக்கு அந்த இழப்பின் எடை புரியும். கொள்ளையடித்தவர்களுக்கு அந்தத் தாள்களால் என்ன பயன் இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மூட்டையோடு போயிருக்கும், அவ்வளவுதான்.

அவர் பெயர் ஆயிஷா அல்பாஊனிய்யா. பாஊன் என்பது இன்றைய ஜோர்டானில் அஜ்லூன் மலைப்பகுதியில் இருக்கும் ஒரு கிராமம், அவருடைய குடும்பத்தின் பூர்வீக ஊர். பூட்டனார் நாஸிர் நெசவாளி. கிராமத்தை விட்டு நாசரேத்துக்குக் குடிபெயர்ந்தவர். அவருடைய மகன்கள் படித்தார்கள். ஒருவர் ஸூஃபி ஆனார்; இன்னொருவர், அதாவது ஆயிஷாவின் பாட்டனார் அஹ்மத், டமாஸ்கஸின் உமய்யா பெரிய பள்ளிவாசலில் குத்பா ஓதும் நிலைக்கு உயர்ந்தார். தறியிலிருந்து மிம்பர் மேடைக்கு ஒரே தலைமுறை. அதற்கடுத்த தலைமுறையில் ஆயிஷாவின் தந்தை யூசுஃப் டமாஸ்கஸின் காளி, நீதிபதி. சிறிய தந்தை, பெரிய தந்தை எல்லாரும் கவிஞர்கள், அறிஞர்கள். கல்வியால் மேலே வந்த குடும்பம் என்பதால்தானோ என்னவோ, அந்த வீட்டில் பெண்ணுக்கும் கல்வி மறுக்கப்படவில்லை. எட்டு வயதில் குர்ஆன் முழுவதும் தனக்கு மனப்பாடம் என்று ஆயிஷாவே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

ஆன்மிகப் பயிற்சியில் அவருக்கு இரண்டு குருமார்கள்: இஸ்மாயீல் அல்ஹவ்வாரி, அவருக்குப் பின் யஹ்யா அல்உர்மவி. இருவரும் காதிரிய்யா நெறியினர். பக்தாதின் அப்துல் காதிர் ஜீலானியைத் தலைவராகக் கொண்ட இந்த நெறி நமக்குப் புதிதல்ல. முகைதீன் ஆண்டகை என்று நம் கடற்கரை ஊர்கள் கொண்டாடுவது அவரைத்தான். நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது காதிர் வலியின் பெயரிலும் அந்தத் தொடர்பு இருக்கிறது.

கற்ற பெண் என்ற வகையில் மட்டும் ஆயிஷா அந்தக் காலத்தின் அதிசயம் இல்லை. இதை என் மாணவியர் நம்ப மறுக்கிறார்கள். ஆயிஷாவின் காலத்திலேயே கெய்ரோவில் வாழ்ந்த அஸ்ஸகாவி (1427–1497) தன் நூற்றாண்டின் மனிதர்களைப் பற்றி ஒரு பெரிய வாழ்க்கை வரலாற்றுக் களஞ்சியம் எழுதினார். பன்னிரண்டு பாகம். கடைசிப் பாகம் முழுவதும் பெண்கள். 1,075 பேர். யார் யாரிடம் படித்தார், யாருக்குச் சொல்லிக் கொடுத்தார் என்பதோடு, யாரை மணந்தார், எப்போது மணவிலக்குப் பெற்றார், பிறகு யாரை மணந்தார் என்பதையும் அந்த ஆள் தயங்காமல் எழுதிவைத்திருக்கிறார். மறுமணம் என்பது அங்கே சொல்லக் கூசும் செய்தியாக இல்லை.

அந்தப் பெண்களில் கற்றவர்கள் பலரும் நபிமொழி அறிவிப்பாளர்கள். ஹதீஸ் கல்வியில் ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. ஒரு நூலை ஆசிரியர் வாசிக்கும் சபையில் கைக்குழந்தையைக்கூடக் கொண்டுபோய் உட்காரவைப்பார்கள். வந்தவர் பட்டியலில் குழந்தையின் பெயரும் ஏறும். அந்தக் குழந்தை எண்பது தொண்ணூறு வயது வரை வாழ்ந்தால், மறைந்த ஆசிரியருக்கும் புதிய தலைமுறைக்கும் நடுவே அது ஒற்றைக் கண்ணி ஆகிவிடும். சங்கிலி எவ்வளவு குறுகியதோ அவ்வளவு மதிப்பு. ஆகவே நீண்ட ஆயுள் வாய்த்த பெண்களைத் தேடி ஆண் மாணவர்கள் தொலைதூரத்திலிருந்து வந்தார்கள். 1339இல் தொண்ணூறு வயதைக் கடந்து டமாஸ்கஸில் இறந்த ஸைனப் பின்த் அல்கமால் அப்படி ஒருவர். மணம் செய்துகொள்ளாமல், கற்பிப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர்.

இது பெரிய மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மரியாதைக்கு ஓர் எல்லை இருந்தது. அறிவிப்பாளர் கேட்டதைக் கேட்டபடி, ஒரு சொல் கூடாமல் குறையாமல் கைமாற்ற வேண்டும். அது நினைவின் பணி, நம்பகத்தின் பணி. தானே ஒரு நூலை இயற்றுவதும், பிறர் சொன்னதற்குப் பொருள் சொல்வதும், எது சரி என்று தீர்ப்பு வழங்குவதும் வேறு. அந்தப் பக்கம் போன பெண்கள் மிகக் குறைவு. போனவர்களில் இத்தனை எழுதியவர் ஆயிஷாதான். இருபதாம் நூற்றாண்டுக்கு முன்பு அரபி மொழியில் அவரளவு எழுதிய பெண் இல்லை என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு.

என்ன எழுதினார்? நபிகள் நாயகத்தின் பிறப்பைப் பாடும் மவ்லிதுகள். இறைக்காதல் பாடல்கள் அடங்கிய பெரிய திவான். ஸூஃபி நெறிக்கு ஒரு பாடநூல். புர்தாவுக்கு ஒரு தக்மீஸ். புர்தாவைத் தமிழ் முஸ்லிம் வீடுகளில் அறியாதவர் இருக்கமாட்டார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அல்பூஸீரி பாடியது, இன்றும் நம் ஊர்களில் ஓதப்படுவது. தக்மீஸ் என்றால் அந்தப் பாடலின் ஒவ்வோர் ஈரடிக்கும் முன்னே தன்னுடைய மூன்று அடிகளைச் சேர்த்து ஐந்தடியாக்குவது. கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும்: முன்னோர் ஒருவரின் முடிவுக்கு நாம் காரணம் கட்ட வேண்டும், ஒட்டுப் போட்டது தெரியவும் கூடாது.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு நூல்: ‘அல்ஃபத்ஹுல் முபீன்’. அரபியில் பதீஇய்யா என்று ஓர் இலக்கிய வகை உண்டு. நபிகளைப் புகழும் ஒரே நீண்ட பாடல். புர்தாவின் அதே யாப்பு, அதே இயைபு. ஆனால் ஒவ்வோர் ஈரடியும் ஓர் அணிக்கு எடுத்துக்காட்டாக அமைய வேண்டும். ஒன்றில் சிலேடை, அடுத்ததில் முரண், அதற்கடுத்ததில் மடக்கு என்று போகும். பக்திப் பனுவலும் அணியிலக்கணமும் ஒரே உடம்பில். நம் மாணவியருக்கு இதை விளக்க எனக்குச் சிரமம் இல்லை, ஏனென்றால் அதே பதினாறாம் நூற்றாண்டில் நம்மிடம் மாறனலங்காரம் இருக்கிறது. திருக்குருகைப் பெருமாள் கவிராயர் அணிகளுக்கு எழுதிய எடுத்துக்காட்டுப் பாடல்கள் நம்மாழ்வாரைப் போற்றுபவை. ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகளில் புலமையும் பக்தியும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்திருக்கின்றன.

பதினான்காம் நூற்றாண்டில் ஸஃபிய்யுத்தீன் அல்ஹில்லி இந்த வகையை நிலைநிறுத்தினார். பிறகு இப்னு ஹிஜ்ஜா அல்ஹமவி அதில் பெரும்பெயர் பெற்றார். இருவரும் தம் பாடலுக்குத் தாமே உரை எழுதினார்கள். பாடுபவனே இலக்கணியாகவும் இருந்து, இது இன்ன அணி, இதன் வரையறை இன்னது, முன்னோர் இதை இப்படிக் கையாண்டார்கள் என்று விளக்குவது அந்த வகையின் வழக்கம். ஆயிஷா 130 ஈரடிகள் பாடினார். உரையும் எழுதினார். அணிகளை வரையறுத்தார், பிற கவிஞர்களின் அடிகளை எடுத்துக்காட்டினார். பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உரையை ஆண்களுக்கு விட்டுவைக்கவில்லை. அந்த வகை ஓர் ஆசிரியரிடம் என்னவெல்லாம் கேட்டதோ அதையெல்லாம் செய்தார்.

இந்த இடத்தில் தமிழ் படித்த பெண்ணாக நான் கொஞ்சம் நின்றுதான் ஆகவேண்டும். நமக்கு ஔவையார் இருக்கிறார், காரைக்காலம்மையார் இருக்கிறார், ஆண்டாள் இருக்கிறார். சங்கத்தில் பெண்பாற் புலவர்கள் இருந்ததைச் சொல்லி நாம் அலுப்பதே இல்லை. ஆனால் இளம்பூரணர், சேனாவரையர், பேராசிரியர், நச்சினார்க்கினியர், அடியார்க்குநல்லார், பரிமேலழகர் என்று இளங்கலை முதல் முனைவர் பட்டம் வரை நான் படித்த, இப்போது நடத்துகிற உரையாசிரியர் வரிசையில் ஒரு பெண் பெயர் கிடையாது. தன் நூலுக்குத் தானே உரை எழுதும் வழக்கம் நம்மிடமும் உண்டு. இலக்கண விளக்கத்துக்கு வைத்தியநாத தேசிகரே உரை எழுதினார். அதுவும் ஆண்தான். ஆண்டாள் பாடினார், பாட்டுக்குப் பொருள் சொன்னவர் பெரியவாச்சான் பிள்ளை. பெண் உருகலாம், பாடலாம், அந்த உருக்கத்துக்கு என்ன அர்த்தம் என்று சொல்வது இன்னொருவர் வேலை.

பழைய கதை என்று இதைத் தள்ளமுடியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் குறுந்தொகைப் பாடல் ஒன்றுக்கு வழக்கமான உரையிலிருந்து விலகி ஒரு வாசிப்பை முன்வைத்தேன். அமர்வுக்குத் தலைமை வகித்த மூத்த பேராசிரியர் ஒருவர் முடிவில் அன்பாகத்தான் சொன்னார்: “நீங்க நல்லா கவிதை எழுதுறீங்கம்மா. இந்த உரை விவகாரமெல்லாம் உங்களுக்கு எதுக்கு?” அரங்கில் சிரிப்பு. என் வாசிப்பு சரியா தவறா என்ற கேள்விக்கே அவர் வரவில்லை.

கொள்ளைபோன கையோடு கெய்ரோவுக்குள் நுழைந்த ஆயிஷாவுக்கு அடைக்கலம் கொடுத்தவர் மஹ்மூத் இப்னு அஜா. மம்லூக் சுல்தான் அல்கவ்ரியின் அந்தரங்கச் செயலர், அரசின் கடிதப் போக்குவரத்தையெல்லாம் கையில் வைத்திருந்தவர். தன் வீட்டிலேயே அவரைத் தங்கவைத்தார். மகனுக்கும் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஆயிஷா அவரைப் புகழ்ந்து பாடினார். புரவலரைப் பாடுவது அந்தக் காலப் புலவர் தொழில். ஆண் புலவர்கள் செய்தால் அதற்கு விளக்கம் கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

கெய்ரோவில் அவர் பழையதை நினைத்து முடங்கிக் கிடக்கவில்லை. அங்கிருந்த சட்ட அறிஞர்களிடம் போய்ப் படித்தார். ஐம்பது வயதுக்கு மேல், நூல்கள் எழுதி முடித்த பிறகு, மறுபடியும் மாணவி. அந்தப் படிப்பின் முடிவில் இரண்டு உரிமைகளுக்கு இஜாஸா பெற்றார்: கற்பிக்க ஒன்று, ஃபத்வா வழங்க ஒன்று. பதினேழாம் நூற்றாண்டில் நஜ்முத்தீன் அல்கஸ்ஸீ எழுதிய வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்பில் இது பதிவாகியிருக்கிறது. ஃபத்வா என்ற சொல்லை இன்று செய்தித்தாள்கள் மிரட்டல் போலப் பயன்படுத்துகின்றன. உண்மையில் அது கேட்கப்பட்ட கேள்விக்குக் கற்றவர் தரும் மார்க்கச் சட்டக் கருத்து. வாங்கல், விற்றல், வாரிசு, மணம், மணவிலக்கு, தொழுகை என்று எதைப் பற்றியும் இருக்கலாம். கேட்டவருக்கு விடை சொல்லத் தகுதியுடையவர் இவர் என்று ஆண் அறிஞர்கள் ஒரு பெண்ணைப் பற்றி எழுதிக் கொடுத்தார்கள்.

கெய்ரோவில் அப்துர் ரஹீம் அல்அப்பாஸி என்ற அறிஞருடன் அவர் பாட்டிலேயே கடிதம் பரிமாறிக்கொண்டார். ஒருவர் எழுதிய யாப்பிலும் இயைபிலும் மற்றவர் பதில் எழுதவேண்டும்; அந்தக் காலப் புலவர்களின் நட்பும் போட்டியும் அதுதான். அந்தப் பாடல்களில் சிலவற்றை அல்கஸ்ஸீ தன் தொகுப்பில் சேர்த்து வைத்திருக்கிறார். ஒரு பெண்ணின் புலமையைச் சக புலவர் ஒருவர் சமமாக எதிர்கொண்டதற்குச் சாட்சி அவை.

ஸூஃபி நெறிக்கு அவர் எழுதிய பாடநூலை எமில் ஹோமரின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அரபி மூலத்தோடு ஆங்கிலத்தில் 2014இல் வெளியிட்டார். அதற்கு மூன்றாண்டு முன்பு திவானிலிருந்து தேர்ந்த பாடல்களையும் மொழிபெயர்த்திருந்தார். அரபி அறியாத என் போன்றவர்களுக்கு வழி அதுதான். பாடநூலின் அமைப்பு எளியது. நான்கு இயல்கள்: பாவமன்னிப்புக் கோரித் திரும்புதல், உளத்தூய்மை, இறைநினைவு, அன்பு. தவ்பா, இக்லாஸ், திக்ரு, மஹப்பத் என்றால் முஸ்லிம் வாசகியருக்கு உடனே விளங்கும். ஒவ்வொரு இயலிலும் முதலில் குர்ஆன் வசனங்கள், பிறகு நபிமொழிகள், பிறகு முன்னோர்களும் ஸூஃபி ஞானியரும் சொன்னவை. இயலின் முடிவில் ஆயிஷாவின் சொந்தப் பாடல்.

முதல் வாசிப்பில் இது வெறும் தொகுப்பாகத் தோன்றும். முன்னோர் வாக்குகளுக்குப் பின்னால் இவர் ஒதுங்கி நிற்கிறார் என்று எண்ணத் தோன்றும். இரண்டாம் முறை படித்தபோதுதான் அந்த வரிசையைக் கவனித்தேன். இறைவாக்கு, தூதர் வாக்கு, சான்றோர் வாக்கு, கடைசியாக ஆயிஷாவின் வாக்கு. அந்தச் சங்கிலியின் இறுதிக் கண்ணியில் தன்னை வைத்திருக்கிறார். அறிவிப்பாளர்களான பெண்கள் கேட்டதைக் கைமாற்றினார்கள் என்றேன். இவரும் கைமாற்றுகிறார். கைமாற்றிவிட்டு, அதன் மேல் தன் சொல்லையும் வைக்கிறார். அடக்கமும் துணிச்சலும் இவ்வளவு அருகருகே இருக்கமுடியும் என்பது எனக்குப் புதிது.

நான்கு இயல்களில் அன்பைப் பற்றியது எனக்கு மிக நெருக்கமானது. அவர் பாடல்களில் காதல், பிரிவு, மது, மயக்கம் எல்லாம் வரும். இப்னுல் ஃபாரிளின் மரபு அது. குணங்குடியாரைப் படித்த கண்ணுக்கு அந்த மொழி அன்னியமாக இருக்காது. நம் ஊரிலும் இளையான்குடி கச்சிப்பிள்ளையம்மாள், தென்காசி ரசூல் பீவி என்று ஸூஃபிப் பாடல் இயற்றிய பெண்கள் இருந்திருக்கிறார்கள். நம் பாடத்திட்டங்களில் அவர்களைத் தேடவேண்டியிருக்கிறது.

ஆயிஷா தன் இளமையில் மக்காவில் கண்ட ஒரு காட்சியை எழுதியிருக்கிறார். பெற்றோருடன் ஹஜ்ஜுக்குச் சென்ற காலம். மனம் கலங்கியிருந்த ஒரு வெள்ளி இரவு. கஅபாவைப் பார்த்தபடி ஒரு மாடத்தில் சாய்ந்திருக்கிறார். அருகே ஒருவர் மவ்லிது ஓதுகிறார், ஸலவாத்து ஒலி எழுகிறது. அப்போது தான் ஒரு பெண்கள் கூட்டத்தின் நடுவே நிற்பதுபோல் உணர்கிறார். நபிகள் அவர்களைக் கடந்து வருகிறார்கள். நாக்குக் குழறப் பரிந்துரை வேண்டுகிறார், மறுமை நாளில் தானே பரிந்துரைப்பவர் என்ற விடை நிதானமாக வருகிறது. அந்தக் காட்சியில் ஓதுபவர் ஆண். காண்பவரும் கேட்பவரும் விடை பெறுபவரும் பெண். கூட இருப்பவர்களும் பெண்கள். பிற்காலத்தில் அவரே மவ்லிது எழுதியபோது இந்தக் காட்சியை அதில் சேர்த்தார்.

அவரைப் பெண்ணியத்தின் மூதாய் என்று அழைக்க எனக்கு விருப்பமில்லை. பெண்களின் நிலை பற்றி அவர் வாதாடியவர் அல்ல. நீதிபதி மகள், நபிகளின் வழிவந்த பெருங்குடும்பத்தில் மணம், ஒரு மகன், ஒரு மகள். கெய்ரோவில் திறந்த கதவுகள் பலவும் தகப்பன் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் திறந்தவை. பாஊனில் தறியோடு தங்கிவிட்ட குடும்பம் ஒன்றில் இதே கூர்மையுடன் பிறந்த பெண்ணுக்கு என்ன கிடைத்திருக்கும் என்ற கேள்வியை ஆயிஷாவின் நூல்களிடம் கேட்க முடியாது. நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனாலும் வசதி வாய்ந்த வீட்டுப் பெண்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள். தாள் எல்லாம் போன பிறகு திரும்ப உட்கார்ந்து எழுதியது வசதியின் வேலை அல்ல.

1516இல் அவர் அலெப்போவில் இருந்தார். சுல்தான் அல்கவ்ரி உஸ்மானியரை எதிர்கொள்ளப் படையோடு அங்கே வந்திருந்தார். ஆயிஷா சுல்தானைச் சந்தித்தார். ஆகஸ்ட் 24 அன்று மர்ஜ் தாபிக் போர்க்களத்தில் சுல்தான் மாண்டார். இரண்டரை நூற்றாண்டு நின்ற மம்லூக் ஆட்சி சில மாதங்களில் சரிந்தது. ஆயிஷா பிறந்த ஊரான டமாஸ்கஸுக்குத் திரும்பினார், 1517இல் அங்கே காலமானார்.

டமாஸ்கஸிலேயே 1731 வரை வாழ்ந்த அப்துல் கனி அந்நாபுலுஸியும் ஒரு பதீஇய்யா பாடி அதற்கு உரை எழுதினார். அந்த உரையில் அணி அணியாக முன்னோரின் அடிகளை எடுத்து அருகருகே வைத்துக் காட்டுகிறார். அல்ஹில்லி வருகிறார், இப்னு ஹிஜ்ஜா வருகிறார். அவர்களோடு, அதே பத்தியில், ஆயிஷா அல்பாஊனிய்யாவும் வருகிறார்.